தோட்டத்தில் வயர்லெஸ் சென்சார் வைக்க லைசென்ஸ் வேண்டுமா?

கேரட்டோ உருளையோ தேயிலையோ, எது போட்டிருந்தாலும் சரி, மண் ஈரமும் வெப்பநிலையும் பார்த்து ஃபோனுக்குத் தகவல் அனுப்பும் சென்சார் பற்றிய பேச்சு இப்போது நீலகிரியில் அடிக்கடி காதில் விழுகிறது. கூடவே ஒரு சந்தேகமும் வருகிறது: ரேடியோ அலையில் வேலை செய்கிற கருவியாயிற்றே, அரசாங்கத்திடம் உரிமம் வாங்காமல் வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் உரிம விலக்கு உள்ள அலைவரிசைக்குள் இருக்க வேண்டும்; தொலைதூர சென்சார்களுக்கு அது 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை. 2005ஆம் ஆண்டு விதியில் 865–867 வரை உரிம விலக்கு கொடுத்தார்கள், 2021இல் அதை 868 வரை நீட்டினார்கள். கருவியின் சக்தி 1 வாட்டைத் தாண்டக் கூடாது, ஆன்டெனாவின் பலத்தையும் சேர்த்தால் 4 வாட், ஒரு சேனலின் அகலம் 200 கிலோஹெர்ட்ஸ். லோரா எனப்படும் தொலைதூர சென்சார்கள் பெரும்பாலும் இதில் பத்தில் ஒரு பங்கு சக்தியில்கூட வேலை செய்துவிடும், அதனால் சக்தி வரம்பைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை.

கவலைப்பட வேண்டியது லேபிளைப் பற்றி. ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் பெட்டிகளில் 915 என்று போட்டிருந்தால் அது அமெரிக்காவுக்கானது, 902 முதல் 928 வரை பேசும். நம் ஊரில் 890–915 என்பது செல்ஃபோன் டவரை நோக்கிப் பேசும் அலைவரிசை, அதில் கைவைத்தால் சட்டப்படி குற்றம். 868 என்று போட்டிருந்தாலும் அப்படியே நம்பிவிடாதீர்கள். ஐரோப்பிய அமைப்பில் அது முதலில் தேடுவது 868.1, 868.3, 868.5, மூன்றுமே நம் வரம்புக்கு ஒரு முடி தள்ளி வெளியே. 868 பெட்டியைப் பெரும்பாலும் மாற்ற வேண்டியதில்லை, மென்பொருளில் ஐஎன்865 என்ற இந்திய அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் போதும், விற்பவரையே செய்து தரச் சொல்லுங்கள். அப்புறம், அந்த மாடலுக்கு இடிஏ என்ற வகை ஒப்புதல் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அதை வாங்கி வைத்திருக்க வேண்டியது தயாரிப்பவர் அல்லது இறக்குமதி செய்பவர், விவசாயி அல்ல.

உரிமம் வேண்டாம் என்பதற்கு இன்னொரு பக்கமும் உண்டு: பாதுகாப்பும் கிடையாது. பக்கத்துத் தோட்டத்துக் கருவி உங்கள் சிக்னலைக் கெடுத்தால் புகார் கொடுத்து நிறுத்த முடியாது, உங்கள் கருவி உரிமம் பெற்றவருக்கு இடைஞ்சல் செய்தால் நீங்கள்தான் நிறுத்த வேண்டும்.

மலைக்கு இது ஏன் பொருந்துகிறது என்றால், சென்சாருக்குச் சிம் வேண்டாம், டவர் வேண்டாம், சில பைட் தகவலை எப்போதாவது அனுப்பிவிட்டுத் தூங்கிவிடுவதால் ஒரு பேட்டரி வருடக்கணக்கில் வரும். தகவலை வாங்கும் கேட்வே ஒன்றுக்குத்தான் இணைய இணைப்பு தேவை. கேத்திப் பள்ளத்தாக்கு மாதிரி இடத்தில் அதை மேட்டில், கீழே உள்ள பாத்திகள் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வைக்க வேண்டும்; மூடுபனி இந்த அலையைப் பெரிதாகத் தடுப்பதில்லை, குறுக்கே ஒரு குன்று நின்றால் தடுத்துவிடும், அடர்ந்த மரங்களும் தூரத்தைக் குறைக்கும். உறைபனிக்காக வைப்பவர்கள் வெப்பநிலை சென்சாரை மேட்டில் உள்ள வீட்டுச் சுவரில் மாட்டுவது வீண், ஏனென்றால் குளிர்ந்த காற்று கனமாகி இரவில் பள்ளத்துக்குத்தான் இறங்குகிறது, மேட்டில் 4 டிகிரி காட்டும்போது அடிப் பாத்தியில் இலை கருகியிருக்கும்.

உங்கள் தோட்டத்துக்கு மட்டும் என்றால் கதை இத்துடன் முடிந்தது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ தனியாரோ கேட்வே வைத்துப் பலருக்குக் கட்டணச் சேவை கொடுத்தால், தொலைத்தொடர்புத் துறையின் பதிவோ அனுமதியோ வேண்டியிருக்கலாம், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். காப்புக்காட்டுக்குள் கம்பம் நட வனத்துறை அனுமதி தனி, இந்த விலக்கு அதற்குச் செல்லாது.

மானியம் கேட்பவர்களுக்கு: இந்த விதியில் பணம் எதுவும் இல்லை. சொட்டுநீர், தெளிப்புநீர் அமைக்கத் தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் தருகிறார்கள், அது நுண்ணீர்ப் பாசனத் திட்டம். சிட்டா, அடங்கல், தாசில்தார் தரும் சிறு, குறு விவசாயி சான்றோடு தோட்டக்கலை அலுவலகத்துக்குப் போகும்போது, சென்சாருக்கும் வால்வுக்கும் அந்த மதிப்பீட்டில் இடம் உண்டா என்று விண்ணப்பம் போடும் முன்பே கேட்டுவிடுங்கள், குழாய் பதித்த பிறகு கேட்டுப் பயனில்லை.