ஒரே லோடு, ஒன்பது ரேட்

கரூரில் பெட்ஷீட், திரைச்சீலை தைத்து வட இந்தியாவுக்கு அனுப்பும் வாசகர் ஒருவர் நேற்று இப்படிக் கேட்டிருந்தார்: "டெல்லிக்கு ஒரு பத்துச் சக்கர லாரி வேண்டும் என்று ஆப்பில் லோடு போட்டேன். மதியத்துக்குள் ஒன்பது பேர் ரேட் சொல்லிவிட்டார்கள். குறைந்தது 83,000 ரூபாய், அதிகம் 1,17,000. எல்லோருக்கும் ஒரே தூரம், ஒரே டீசல் விலை, ஒரே சுங்கச்சாவடி. அப்புறம் எப்படி 34,000 ரூபாய் வித்தியாசம்? குறைத்துச் சொன்னவரை நம்பி லோடு ஏற்றலாமா?"

ஆப் என்ன செய்கிறது என்பதில் பெரிய மர்மம் இல்லை. எங்கிருந்து எங்கே, என்ன சரக்கு, எத்தனை டன், எந்த வண்டி, என்றைக்கு ஏற்ற வேண்டும் என்று நீங்கள் பதிகிறீர்கள். பக்கத்தில் இருக்கும் பொருத்தமான லாரிக்காரர்களுக்கும் புக்கிங் ஆபீஸ்களுக்கும் தகவல் போகிறது. அவர்கள் ரேட் சொல்கிறார்கள், பேசுகிறீர்கள், முடிக்கிறீர்கள். இது புதிய யோசனையும் இல்லை. 1978-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், போர்ட்லாண்டு நகரத்து லாரி நிறுத்தம் ஒன்றில், காத்திருக்கும் லோடுகளைத் திரையில் காட்டும் சேவை ஒன்று தொடங்கியது. 'டயல் எ டிரக்' என்று பெயர். இன்று டி.ஏ.டி. என்று அறியப்படும் பெரிய லோடு சந்தை அதிலிருந்து வளர்ந்ததுதான். சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் புரோக்கர்கள் நோட்டுப் புத்தகத்தையும் போனையும் வைத்துக்கொண்டு செய்துவந்த வேலையும் இதேதான். வித்தியாசம், புரோக்கருக்குத் தெரிந்தது முப்பது நாற்பது வண்டி, ஆப்புக்குத் தெரிந்தது ஆயிரக்கணக்கில்.

சரி, ரேட் ஏன் வேறுபடுகிறது? தூரத்துக்கு விலை கிடையாது என்பதுதான் பதில். விலை, அந்த லாரி இப்போது எங்கே நிற்கிறது, அடுத்து எங்கே போக வேண்டும் என்பதற்குத்தான்.

என் சித்தப்பா சங்ககிரியிலிருந்து லாரி ஓட்டியவர். டெல்லியில் சரக்கை இறக்கிவிட்டு, சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகரில் ரிட்டர்ன் லோடுக்காக நாள்கணக்கில் காத்துக் கிடந்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். கரூரிலிருந்து டெல்லி ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர். லோடு ஏற்றிய லாரி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுத்தால், போவதற்கு மட்டும் 600 லிட்டர் டீசல் வேண்டும். திரும்ப எம்ட்டியாக, அதாவது காலியாக, வந்தாலும் அந்தச் செலவு ஓரளவுதான் குறையும். அதனால் தெற்கே திரும்பி வர லோடு உறுதியாக இருப்பவர் உங்களிடம் ஒருவழிச் செலவை மட்டும் கேட்டால் போதும். உறுதி இல்லாதவர் வரும்போது ஆகக்கூடிய செலவில் ஒரு பங்கையும் உங்கள் தலையில் வைத்தாக வேண்டும். கேரளாவுக்கு வண்டி கேட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். அங்கே உள்ளே போகும் சரக்கு அதிகம், வெளியே வருவது குறைவு. போகும் ரேட்டில் திரும்பி வரும் எம்ட்டியும் சேர்ந்தே இருக்கும்.

ஆக, ஒன்பது பேர் சொன்ன ஒன்பது ரேட்டும் ஒன்பது லாரிகளின் ஒன்பது நிலைமைகள். இனி எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். எத்தனை பேரிடம் ரேட் கேட்டால் போதும்?

கணக்குக்காக, இந்த லோடுக்கு யார் ரேட் சொன்னாலும் அது 80,000-க்கும் 1,20,000-க்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் சமவாய்ப்போடு விழும் என்று வைத்துக்கொள்வோம். ஒருவரிடம் மட்டும் கேட்டால், சராசரியாகக் கிடைப்பது நடுவிலுள்ள 1,00,000. மூன்று பேரிடம் கேட்டு, அதில் குறைந்ததை எடுத்தால் சராசரியாக எவ்வளவு? கல்லூரியில் இதற்குத் தொகையீடு போடச் சொல்வார்கள். அது வேண்டாம், ஒரு கயிறு போதும்.

கயிற்றின் இடது முனை 80,000. வலது முனை 1,20,000. மொத்த நீளம் 40,000. மூன்று ரேட்டும் கயிற்றின் மேல் கண்ணை மூடிக்கொண்டு வைத்த மூன்று மைப்புள்ளிகள். இப்போது கயிற்றின் இரண்டு முனைகளையும் சேர்த்து முடிச்சுப் போடுங்கள். கயிறு வளையமாகிவிட்டது. வளையத்தின் மேல் இப்போது நான்கு அடையாளங்கள்: மூன்று புள்ளி, ஒரு முடிச்சு. முடிச்சின் மேலும் ஒரு சொட்டு மை வைத்து மறைத்துவிட்டு வளையத்தை என்னிடம் கொடுத்தால், நான்கில் எது முடிச்சு என்று என்னால் சொல்லவே முடியாது. ஒரு வளையத்தில் நான்கு புள்ளிகளைக் கண்மூடித்தனமாக வைத்து, அவற்றில் ஏதோ ஒன்றை முடிச்சு என்று அழைத்தாலும் இதே வளையம்தான் கிடைத்திருக்கும். முடிச்சுக்கென்று எந்தத் தனிச் சலுகையும் இல்லை. அப்படியானால் நான்கு அடையாளங்களுக்கு இடைப்பட்ட நான்கு இடைவெளிகளில் எதற்கும் தனிச் சலுகை இல்லை. சராசரியில் நான்கும் சமம். 40,000-ஐ நான்காகப் பங்கிட்டால் ஆளுக்கு 10,000. முடிச்சிலிருந்து வலப்பக்கம் வரும் முதல் புள்ளிதான் குறைந்த ரேட். அது முடிச்சிலிருந்து 10,000 தள்ளி இருக்கிறது. அதாவது 90,000.

முதன்முதலில் இதைப் பார்த்தபோது நான் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு வரி சமன்பாடு இல்லை. முடிச்சும் ஒரு புள்ளிதான் என்று கண்டுகொண்டதில் முழு விடையும் வந்துவிடுகிறது.

இனி எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் சொல்லலாம். ஆள் எண்ணிக்கையோடு முடிச்சுக்காக ஒன்றைக் கூட்டி, அதனால் 40,000-ஐ வகுக்க வேண்டும். ஏழு பேர் என்றால் 85,000. ஒன்பது பேர் என்றால் 84,000. பத்தொன்பது பேர் என்றால் 82,000. முப்பத்தொன்பது பேரிடம் கேட்டாலும் 81,000. முதல் ஒருவரிடமிருந்து மூன்று பேருக்குப் போனபோது 10,000 மிச்சம். பத்தொன்பதிலிருந்து முப்பத்தொன்பதுக்குப் போக இருபது போன் கூடுதலாகப் பேசியும் 1,000தான் மிச்சம். நிஜ ரேட்டுகள் இவ்வளவு சீராகப் பரவியிருக்காது, நடுவில் கூட்டமாகவும் ஓரத்தில் ஒன்றிரண்டாகவும் இருக்கும். எண்கள் மாறும், போகப்போக லாபம் சுருங்கும் என்பது மாறாது. ஏழெட்டு ரேட் வந்ததும் முடித்துவிடுங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இந்தக் கயிறுதான்.

இரண்டாவது கேள்வி, குறைத்துச் சொன்னவரை நம்பலாமா என்பது. 1971-இல் அட்லாண்டிக் ரிச்ஃபீல்டு எண்ணெய் நிறுவனத்தின் பொறியாளர்கள் மூன்று பேர், கேப்பன், கிளாப், கேம்பல் என்பவர்கள், ஒரு கட்டுரை எழுதினார்கள். மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் எடுக்கும் உரிமையை ஏலத்தில் வென்ற நிறுவனங்களுக்கு எதிர்பார்த்த லாபம் ஏன் வரவில்லை என்று ஆராய்ந்த கட்டுரை அது. கடலுக்கடியில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்பது யாருக்கும் சரியாகத் தெரியாது, ஆளாளுக்கு ஒரு மதிப்பீடு. மிக அதிகமாக மதிப்பிட்டவரே மிக அதிகமாகக் கேட்கிறார், அவரே வெல்கிறார். வென்றார் என்பதே அவர் மதிப்பீடு மிகையானது என்பதற்கு அறிகுறி. வெற்றியாளரின் சாபம் என்று இதற்குப் பெயர்.

லோடு சந்தையில் இதையே தலைகீழாக வைத்துப் பாருங்கள். ஏற்ற எத்தனை மணி நேரம் ஆகும், இறக்கும் இடத்தில் எத்தனை நாள் நிற்க வேண்டும், பகலில் ஊருக்குள் விடுவார்களா என்பதெல்லாம் எல்லா லாரிக்காரர்களுக்கும் ஒரே மாதிரி பாதிப்பு, ஆனால் யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. இவற்றை மிகக் குறைவாக நினைத்துக் கணக்குப் போட்டவரே மிகக் குறைந்த ரேட் சொல்வார். அவருக்குத்தான் நீங்கள் லோடு கொடுப்பீர்கள். அப்புறம் நடுவழியில் போன் வரும்: "அண்ணே, கட்டுப்படியாகலை, கொஞ்சம் சேத்துக் குடுங்க." சிலர் வண்டி அனுப்பாமலே விட்டுவிடுவார்கள். ஏமாற்றுக்காரர் என்று திட்டுகிறோம். பெரும்பாலும் அவர் தப்புக் கணக்கு போட்டவர், அந்தத் தப்பையே நாம் பொறுக்கி எடுத்திருக்கிறோம். நிறையப் பேரிடம் ரேட் கேட்கக் கேட்க, அப்படிப் பொறுக்கும் வாய்ப்பும் கூடும்.

ஆகவே குறைந்த ரேட்டுக்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, வண்டி உண்மையிலேயே வசதியான இடத்தில் நிற்கிறது. மற்றது, தப்புக் கணக்கு. முதலாவது நமக்கு வேண்டும், இரண்டாவது வேண்டாம். இரண்டாவதைக் குறைப்பது லோடு போடுகிறவர் கையில்தான் இருக்கிறது. பேல் (துணிக் கட்டு) எத்தனை, வண்டிக் கூடு உயரம் எவ்வளவு வேண்டும், ஏற்றுகூலி யாருடையது, அட்வான்ஸ் எவ்வளவு, ஒரு நாளுக்கு மேல் நின்றால் ஹால்டிங் (காத்திருப்புக் கூலி) என்ன என்று எல்லாவற்றையும் முதலிலேயே எழுதிவிட்டால் எல்லோரும் ஒரே கணக்கைப் போடுவார்கள். மிஞ்சும் வித்தியாசம் வண்டி நிற்கும் இடத்தைப் பற்றியதாக இருக்கும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அஷ்டமி, நவமியில் வண்டி எடுக்கத் தயங்குகிறவர்கள் எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். அன்று ரேட் சொல்ல ஆள் குறைந்தால் கயிற்றில் புள்ளி குறையும், குறைந்த ரேட் ஏறும். அந்த வாடகையைக் கொடுப்பவர் திதி பார்க்காத ஒரு வியாபாரி. நாள் பார்ப்பது தனிப்பட்ட நம்பிக்கை என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு ஆதங்கமும் உண்டு. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநிலம் தாண்டி வண்டியில் போகப் பொதுவாக இ-வே பில் என்ற ஜி.எஸ்.டி. மின்னணுச் சீட்டு வேண்டும். அதில் புறப்படும் பின்கோடு, சேரும் பின்கோடு, வண்டி எண் எல்லாம் இருக்கின்றன. ஒரு வண்டி டெல்லியில் இறக்கியபின் அடுத்த பில் எங்கே தொடங்குகிறது என்று பார்த்தாலே, இந்த நாட்டில் எத்தனை கிலோமீட்டர் லாரிகள் எம்ட்டியாக ஓடுகின்றன என்பதை நெருக்கமாக மதிப்பிடலாம். வண்டி எண்ணையும் வியாபாரி பெயரையும் மறைத்து, அந்தத் தரவை அரசுப் பல்கலைக்கழகங்களுக்குத் திறந்துவிட்டு, ஆராய்ச்சிக்குப் பணமும் ஒதுக்க வேண்டும். டீசலை மிச்சம் பிடிக்க இதைவிடச் செலவு குறைந்த வழி எனக்குத் தோன்றவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கரூர்க்காரரைக் கூப்பிட்டு, 83,000 சொன்னவரிடம் ரேட்டைப் பற்றிப் பேசாமல், வண்டி எங்கே நிற்கிறது என்று மட்டும் கேளுங்கள் என்றேன். சாயங்காலம் அவரே திரும்ப அழைத்தார். வண்டி ஹரியானாப் பதிவாம். பானிபட்டிலிருந்து கம்பளி ஏற்றிவந்து ஈரோட்டில் இறக்கிவிட்டு, இரண்டு நாளாக ஊர் திரும்ப லோடு தேடிக்கொண்டிருந்ததாம். நமக்கு டெல்லி லோடு, அந்த டிரைவருக்கு வீட்டுக்குப் போகும் ரிட்டர்ன் லோடு. மறுநாள் காலையில் பேல் ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள்.