நிலம் ஆடினால் முதலில் விழப்போவது உங்கள் மதில்

எங்கேயாவது நிலம் ஆடியது என்று செய்தி வந்தால் எனக்கு போன் ஓயாது. 2020இல் கண்டி திகனப் பக்கம் ஆடியபோதும் இப்படித்தான், 2023இல் புத்தல, வெல்லவாயப் பக்கம் ஆடியபோதும் இப்படித்தான். ஆடியது எங்கோ, வீட்டுச் சுவர் வெடித்தது மட்டக்களப்பில். நான் கட்டடப் பொறியியலாளர், பூமியைப் படித்தவன் அல்ல. ஆனாலும் "சேர், இது அந்தக் குலுக்கத்தில வெடிச்சதுதானே?" என்ற கேள்வி மட்டும் என்னிடம்தான் வருகிறது. பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் கோபமாகவே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகப் போனது ஆரையம்பதிப் பக்கம் ஒரு வீடு. ஓய்வுபெற்ற ஒரு ஐயா. "தம்பி, ராவு கட்டில் குலுங்கினது போல இருந்திச்சு, விடிய எழும்பிப் பார்த்தா சுவர் இப்படிக் கிடக்கு. ஒரு கடிதம் எழுதித் தாங்க, பிரதேச செயலகத்தில குடுக்கணும்" என்றார். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக மேலே ஏறின ஒரு வெடிப்பு. டோர்ச் அடித்துப் பார்த்தேன். வெடிப்பின் உள்விளிம்பு வரைக்கும் நீலப் பெயிண்ட் இறங்கியிருந்தது. அடியில் தூசி படிந்த பழைய சிலந்தி வலை. ஒரு இடத்தில் யாரோ முன்பே பட்டி வைத்துப் பூசி, அதுவும் திரும்ப விட்டிருந்தது. வெடிப்புக்குள் பெயிண்ட் இருந்தால் அந்த வெடிப்பு பெயிண்டை விட மூத்தது, இதற்குப் பொறியியல் படிக்கத் தேவையில்லை.

வெடிப்புக்குக் காரணம் ஆயிரம் இருக்கிறது. ஜன்னல் மூலையில் சாய்வாக வந்தால் பெரும்பாலும் லிண்டல் பீமை, அதாவது ஜன்னல், கதவுக்கு மேலே போடும் கொங்கிரீட் பட்டியை, சுவர் முழுக்கச் சுற்றிப் போடாமல் ஜன்னலுக்கு மேல் மட்டும் துண்டு வைத்திருப்பார்கள். கல் அடுக்கின பொருத்து வழியே படிபடியாக இறங்கினால் அத்திவாரம் ஒரு பக்கம் தாழ்ந்திருக்கிறது. படுவான்கரையில் வயல்களி மண்ணில் கட்டின வீடுகள் கோடையில் மண் சுருங்க வெடிக்கும், மாரியில் மண் ஊதக் கொஞ்சம் மூடும், அதைப் பார்த்து வீட்டுக்காரர் "தானாச் சரியாயிட்டு" என்பார். கொங்கிரீட் தட்டுக்குக் கீழே நேர்கோடாக ஓடினால் அது வெயில் செய்த வேலை. நில அதிர்வு சுவரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறித் தள்ளுவதால் இரண்டு ஜன்னலுக்கு இடையிலுள்ள சுவரில் ஒன்றையொன்று வெட்டும் இரண்டு சாய்வு வெடிப்பு வரும், பெருக்கல் குறி மாதிரி. அப்படி இருந்தால் உடனே கூப்பிடுங்கள், மற்றதெல்லாம் ஆறுதலாகப் பார்க்கலாம்.

சரி, இதற்காக நான் கோபப்படவில்லை. வெளியே வந்தபோதுதான் கோபம் வந்தது. அந்த ஐயாவின் மதில் ஏழடி உயரம், நாலு இஞ்சி சீமெந்துக் கல், மூலையிலிருந்து கேற் வரைக்கும் ஒரு தூண் இல்லை. மேலே வரிசையாகப் பூச்சாடிகள். ரோட்டுப் பக்கம் சாய்ந்திருப்பது வெறும் கண்ணுக்கே தெரிகிறது. அந்த நிழலில் பள்ளிக்கூட வான் வரும்வரை நாலைந்து பிள்ளைகள் புத்தகப் பையை மதிலில் சாத்திவிட்டு நிற்கிறார்கள். மதிலைக் காட்டினேன். "மதிலுக்கு என்ன தம்பி, அதுக்குள்ள ஆரு படுக்கிற?" என்றார்.

இதுதான் என்னால் தாங்கமுடியாத நினைப்பு. மதில் வீடு இல்லை, அதனால் அதற்கு பிளான் வேண்டாம், கம்பி வேண்டாம், பொறியியலாளர் வேண்டாம், மிச்சக் கல்லும் மிச்சச் சீமெந்தும் போதும் என்று நினைக்கிறோம். உண்மையில் வீட்டுச் சுவருக்காவது குறுக்கே வந்து சேரும் சுவர்கள் இருக்கின்றன, மேலே கூரை பிடித்துக்கொண்டிருக்கிறது. மதிலுக்கு ஒருவரும் இல்லை. பக்கவாட்டில் ஒரு தள்ளு வந்தால் முழு நீளத்துக்கும் ஒரேயடியாக, கீழ் வரிசையில் முறிந்து விழும்.

ஜப்பான்காரர் நில அதிர்வுக்குப் பழகிவிட்டார்கள், தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருப்பார்கள் என்று நம் ஆட்கள் கதை சொல்வார்கள். அவர்கள் எப்படிப் பழகினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1978 ஜூனில் மியாகியில் வந்த அதிர்வில் இறந்த 28 பேரில் 18 பேர் வீடு விழுந்து சாகவில்லை, கல் மதிலும் கேற் தூணும் விழுந்து செத்தார்கள். 1981இல் கட்டட விதிகளையே இறுக்கினார்கள். இன்றைக்கு அங்கே கல் மதில் 2.2 மீற்றருக்கு மேல் எழுப்பக்கூடாது, அதாவது ஏழடிக்குக் கொஞ்சம் மேல். உள்ளே 80 சென்ரிமீற்றருக்கு ஒரு கம்பி போகவேண்டும். நாலடியைத் தாண்டினால் 3.4 மீற்றருக்கு ஒரு முட்டுச் சுவர். இவ்வளவும் இருந்தும் 2018 ஜூன் 18 காலை ஒசாகாப் பக்கம் 6.1 அளவில் ஆடியபோது, தக்காட்சுகி நகரில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த ஒன்பது வயதுப் பிள்ளை, பள்ளிக்கூட நீச்சல் குள மதில் விழுந்து இறந்தாள். அந்த மதில் விதியை மீறிக் கட்டினது. பள்ளிக்கூட மதில்தான், வேறு யாருடையதும் இல்லை.

நம் மதில்கள் எப்படி வளர்கின்றன என்று உங்களுக்கே தெரியும். முதலில் நாலடி. ஆடு தாண்டுகிறது என்று இரண்டு வரி. பக்கத்து வீட்டுக்காரர் மாடி கட்டினதும் மறைவுக்கு இன்னும் மூன்று வரி. அத்திவாரம் மட்டும் அன்று நாலடிக்கு வெட்டினதே, அதுவும் மணலில் ஒரு முழம். பிறகு மாரி வெள்ளம் வந்து உள்வளவு தாழ்ந்துபோக, கிறவல் கொட்டி உயர்த்துவார்கள், அந்த மண்ணையும் இந்த நாலு இஞ்சிக் கல்தான் தாங்கவேண்டும். தண்ணீர் போக ஓட்டைகூட விடுவதில்லை. இப்படிப்பட்ட மதிலுக்கு நில அதிர்வே தேவையில்லை, ஒரு லொறி றிவேர்ஸ் எடுத்தால் போதும்.

"எங்கட நாடு தட்டுக்கு நடுவில இருக்கு, எங்களுக்கு வராது" என்று படித்தவர்களே சொல்கிறார்கள். பூமியின் மேலோடு பெரிய தட்டுகளாகப் பிரிந்து கிடக்கிறதே, அந்தத் தட்டைச் சொல்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு படம் பார்த்திருப்பார்கள், தட்டின் விளிம்பெல்லாம் நிலம் ஆடின இடங்களுக்குச் சிவப்புப் புள்ளி, நடுவில் ஒன்றுமில்லை. தட்டின் நடுவிலும் பழைய முறிவுகள் இருக்கின்றன, இறுக்கம் சேருகிறது, நூற்றாண்டுக்கணக்கில் ஒன்றும் நடக்காமல் இருந்து ஒருநாள் விடுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். 1993 செப்டம்பர் 30 அதிகாலை மகாராஷ்டிராவின் லாத்தூரில் 6.2. இந்தியத் தட்டின் உறுதியான நடுப்பகுதி என்று எல்லோரும் நம்பின இடம் அது. சேற்றுச் சாந்தில் கருங்கல் அடுக்கின தடித்த சுவர்கள் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் விழுந்து பத்தாயிரம் பேரளவில் இறந்தார்கள். 6.2 என்பது உலகக் கணக்கில் பெரிய அதிர்வே இல்லை. ஒரு நல்ல கட்டடம் அதைத் தாங்கிவிடும். கொழும்பிலும் 1615இல் ஒன்று வந்து வீடுகள் விழுந்ததாகப் போர்த்துக்கேயர் காலப் பதிவு இருக்கிறது.

நமக்கு நாளைக்கே வரும் என்று நான் சொல்லவில்லை. இலங்கையில் வாய்ப்புக் குறைவு, அது உண்மை. குறைவு என்பதை இல்லை என்று படிக்காதீர்கள், அவ்வளவுதான் கேட்கிறேன். சிலர் இன்னொரு கதை சொல்வார்கள், சின்னச் சின்னதாக ஆடினால் அழுத்தம் குறைந்துவிடும், பெரியது வராது என்று. அளவு ஒன்று கூடினால் சக்தி 32 மடங்கு. ஒரு 7 அளவு அதிர்வின் சக்தி குறைய 3 அளவில் பத்து இலட்சம் தடவை ஆடவேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது சுனாமி. இதில் நான் யாரையும் கிண்டல் செய்யமாட்டேன். நாவலடியிலும் பாண்டிருப்பிலும் மருதமுனையிலும் சொந்தத்தைப் பறிகொடுத்தவர்களிடம் போய் "பயப்படாதீர்கள்" என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. பயம் சரிதான், அது தவறான நேரத்தில் வருகிறது. உள்நாட்டில் 3 அளவில் ஆடினதற்குக் கடற்கரையை விட்டு ஓடத் தேவையில்லை. 2004இல் வந்தது சுமத்திராவில் 9.1, இங்கே அதை உணராதவர்கள்தான் அதிகம், ஆடிச் சுமார் இரண்டு மணி நேரம் கழித்து அலை வந்தது. நம் காலுக்குக் கீழே எவ்வளவு ஆடினது என்பதை வைத்துக் கடலைக் கணிக்க முடியாது. எச்சரிக்கையை வைத்துத்தான் கணிக்கவேண்டும். 2012 ஏப்ரல் 11 மதியம் அதே சுமத்திராப் பக்கம் 8.6 வந்தது, கரையோரம் முழுக்க ஓடினோம், பெரிய அலை வரவில்லை. அன்று கடலடி மேலெழும்பாமல் பக்கவாட்டில் நகர்ந்தது, அதனால் தப்பினோம். அதைச் சாட்டி "அண்டைக்கும் சும்மாதானே ஓட வச்சாங்க" என்று சொல்கிறவர்கள் தயவுசெய்து பிள்ளைகள் முன்னால் சொல்லாதீர்கள். அடுத்த தடவையும் ஓடத்தான் வேண்டும். டிசம்பர் 26க்கு விளக்கேற்றுகிறோமே, அன்றைக்கே எந்தப் பாதையால் ஓடுவது, பாட்டியை யார் தூக்குவது என்று வீட்டில் ஒரு தடவை பேசிவிடுங்கள்.

ஆடினது உண்மையா என்று தெரியவேண்டுமானால் வட்ஸ்அப்பில் வரும் குரல் பதிவைக் கேட்காதீர்கள். "இன்றிரவு மூன்று மணிக்கு" என்று நேரம் குறித்து வந்தால் அது பொய், உலகத்தில் எவராலும் அப்படிச் சொல்ல முடியாது. புவிச்சரிதவியல் பணியகத்தின் நில அதிர்வுமானி ஒன்று நம் அம்பாறை புத்தங்கலவிலேயே இருக்கிறது, அவர்கள் சொல்லட்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு எடுத்தும் கேட்கலாம்.

ஆடும்போது வீட்டுக்குள் இருந்தால் மேசைக்குக் கீழே போய் மேசைக் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். கதவால் பாய்ந்து மதிலோரமாக ஓடுவதுதான் நம் பழக்கம், அதைவிட உள்ளே இருப்பது மேல். வெளியே நின்றால் மதில், மின்கம்பம், ஓட்டு விளிம்பு மூன்றுக்கும் தூரமாக வெளிக்குப் போங்கள்.

தண்ணீர் டாங்கியை அண்ணாந்து பாருங்கள். ஆயிரம் லீற்றர் என்றால் ஒரு தொன். அதை நாலு கல் தூணில், குறுக்குப் பீம் இல்லாமல், குசினிக்கு நேர் மேலே வைத்திருக்கிறீர்கள். அலுமாரியைச் சுவரோடு இரண்டு ஆணியால் பிடியுங்கள், தொட்டிலுக்கு மேலே பாரமான எதையும் மாட்டாதீர்கள்.

புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு: அத்திவாரத்துக்கு மேல் ஒன்று, லிண்டல் மட்டத்தில் ஒன்று, கூரை மட்டத்தில் ஒன்று என்று மூன்று கொங்கிரீட் பட்டி வீட்டைச் சுற்றி வெட்டுப்படாமல் ஓடவேண்டும். தூண் கம்பி கட்டும்போது, நெடுங்கம்பிகளைச் சுற்றிப் போடும் கம்பி வளையத்தின் முனையைப் பாருங்கள். நம் கம்பிகட்டுகிறவர்கள் அதைச் சும்மா 90 பாகையில் மடித்து விட்டுவிடுவார்கள், வேலை சுகம். உள்நோக்கி 135 பாகையில் மடிக்கவேண்டும். குலுக்கத்தில் வெளிக் கொங்கிரீட் உதிர்ந்தால் 90 பாகை வளையம் திறந்துகொள்ளும், 135 திறக்காது. ஒரு சதம் கூடச் செலவில்லாத விசயம் இது, இதற்கே நான் சைட்டில் சண்டை பிடிக்க வேண்டியிருக்கிறது.

கல்லடி, காத்தான்குடி, கல்முனை என்று கடலுக்கும் வாவிக்கும் களப்புக்கும் பக்கத்து மணலில் மாடி மேல் மாடி எழுப்புகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஈர மணலில் நின்று காலை அசைத்தால் கால் புதைகிறதல்லவா, நீர் ஊறின மணல் குலுங்கினால் கட்டடத்துக்கும் அதே கதிதான். 1964இல் ஜப்பானின் நிகாட்டாவில் நிலம் ஆடியபோது மாடிக் குடியிருப்புகள் உடையாமலே அப்படியே சரிந்து படுத்தன. மண் பரிசோதனை செய்யாமல் மூன்றாம் மாடி போடாதீர்கள், பக்கத்துக் கடைக்காரர் போட்டிருக்கிறார் என்பது பரிசோதனை ஆகாது.

மதிலுக்கு வருகிறேன். நில அதிர்வை நம்பாவிட்டால் பரவாயில்லை, 1978 நவம்பரில் நம் மட்டக்களப்பில் அடித்த சூறாவளியை நம்புவீர்கள்தானே? காற்றும் பக்கவாட்டில்தான் தள்ளும். ஒன்றுக்குச் செய்தால் மற்றதற்கும் ஆகும். பத்தடிக்கு ஒரு தூண், அதன் கம்பி அத்திவாரத்துக்குள்ளேயே தொடங்கவேண்டும், உச்சியில் ஒரு கொங்கிரீட் பட்டி, அடியில் வெள்ளம் போக ஓட்டை. சாய்ந்த மதிலுக்குப் பூச்சுப் பூசி அழகு பார்க்காதீர்கள், இடித்து நாலடியாக்கி மேலே வலைக் கம்பி அடியுங்கள். கேற்றுக்குப் போடுகிற வெள்ளி எழுத்துக்கும் டைல்ஸுக்கும் ஆகும் காசில் பாதி போதும். முதலில் செய்யவேண்டியது பள்ளிக்கூடம், கோயில், பள்ளிவாசல் மதில்கள். தூக்குக்குண்டு ஒன்றை மேலிருந்து விட்டுப் பார்த்தால் சாய்வு தெரிந்துவிடும். பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

உங்கள் மேசன் "மதிலுக்கெல்லாம் ஆரு கம்பி போடுற" என்று சிரித்தால் அவரை எனக்கு போன் எடுக்கச் சொல்லுங்கள்.