நிழலில் நிற்கும் மானுக்கு எந்த ஸும் லென்ஸ்?

திருகோணமலையில் பிரெட்றிக் கோட்டை வாசலைத் தாண்டினாலே மர நிழலில் புள்ளிமான்கள் நிற்கும். ஃபிலிம் கமராவோடு போகிறவருக்கு ஸும் லென்ஸ் ஆசை பிடிப்பது அங்கேதான். பிடித்ததும் பலர் தேடுவது 300 மி.மீ. நான் முதலில் பார்ப்பது பக்கத்தில் பொறித்திருக்கும் எஃப் எண்ணை.

லென்ஸில் மி.மீ. கணக்கில் பொறித்திருப்பது குவியத்தூரம். ஃபிலிமில் விழும் உருவத்தின் அளவு அதோடு கூடும். 20 மீற்றர் தள்ளி நிற்கும் ஒரு மீற்றர் நீள மான், 36 மி.மீ. அகலச் சட்டத்தில் 50 மி.மீ. லென்ஸுக்கு 2.5 மி.மீ. தான். 200க்கு 10, 300க்கு 15. பெரிதுதான். ஆனால் வெளிச்சம்?

குவியத்தூரத்தை ஒளி நுழையும் துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் எஃப் எண். ஸும் வளையத்தைத் திருகும்போது உள்ளே கண்ணாடித் தொகுதிகள் நகர்ந்து குவியத்தூரம் நீளும். துவாரமும் அதே அளவுக்கு அகலாவிட்டால் படம் இருளும். 70-300 லென்ஸ் பலவற்றில் தொடக்கத்தில் எஃப் 4, கடைசியில் 5.6. அதாவது வெளிச்சம் சரிபாதி.

ஃபிலிம் ஒளியை உணரும் வேகத்தைச் சொல்வது ஐ.எஸ்.ஓ. எண். வெயில் நாளின் நிழலில், ஐ.எஸ்.ஓ. 100 ஃபிலிமுக்கு எஃப் 5.6 இல் ஏறக்குறைய 1/60 செக்கன் ஒளி பட வேண்டும். 300 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்து எடுக்க 1/300 ஆவது வேண்டும் என்பது பழைய கணக்கு. அதைவிட மெதுவான 1/60 இல் கை நடுங்கி, படத்தில் மான் கலங்கித்தான் விழும். டிஜிட்டலில் ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டலாம், இங்கே சுருள் முடியும்வரை ஒரே வேகம். 400 ஃபிலிமும் முழுத்தூரமும் எஃப் 4 ஆக நிற்கும் 70-210 லென்ஸும் இருந்தால் அதே நிழலில் 1/500 கிடைக்கும். அந்த 300ஐ நான் தயங்காமல் விட்டுவிடுவேன்.

இன்னொன்று, கடையில் பலர் கவனிக்காதது. கையால் குவியப்படுத்தும் கமராக்கள் பலவற்றில், பார்க்கும் திரையின் நடுவட்டம் இரண்டாகப் பிளந்திருக்கும். அங்கே இரண்டு சிறிய அரியங்கள் எதிரெதிராகச் சரிந்து, லென்ஸின் எதிரெதிர் ஓரங்களால் வரும் ஒளியைத் தனித்தனியே காட்டுகின்றன. இரு பாதியும் பொருந்தினால் குவியம் சரி. துவாரம் சிறிதானால் அந்த ஓர ஒளியே வராது, எஃப் 5.6 அளவிலேயே பல திரைகளில் ஒரு பாதி கறுத்துவிடும். அப்புறம் மானின் கண்ணில் குவியம் பிடிப்பது பெரும்பாடு.

பூட்டும் வளையம் உங்கள் கமராவுக்குரியதா என்று பாருங்கள். பழைய லென்ஸ் என்றால் பின்பக்கத்திலிருந்து டோர்ச் அடித்துப் பாருங்கள்: சிலந்தி நூல்போல் கிளைவிட்டிருந்தால் அது பூஞ்சணம். நம் கடற்காற்றின் ஈரத்தில் அது இன்னும் படரும். விலை எவ்வளவு மலிவென்றாலும் நான் வாங்கமாட்டேன்.