மழை இல்லை, தாடி நனைந்தது

கேப் டவுனில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர், ஜனவரியில் டேபிள் மலை ஏறிய அனுபவத்தை எழுதியிருந்தார். பிளாட்டெக்லிப் இடுக்கு வழியாக மூன்று மணி நேரம் ஏறி உச்சிக்குப் போனால் ஒரே வெண்மேகம். ஒரு சொட்டு மழை இல்லை. ஆனால் புருவம், இமை, தாடி எல்லாம் நீர் முத்துகள். 'இது என்ன கணக்கு?' என்று கேட்கிறார்.

மேகம் வந்த கதை பள்ளிப் பாடம்தான். அங்கே நம் குளிர்காலம் கோடை. ஃபால்ஸ் விரிகுடாவின் ஈரத்தோடு வரும் தென்கிழக்குக் காற்றை 1,086 மீட்டர் உயர மலை மறிக்கிறது. காற்று மேலேறி, விரிந்து, குளிர்கிறது. ஈரம் துளிகளாகிறது. மேலே வெப்பக் காற்று மூடிபோல இருப்பதால், மேகம் உயர முடியாமல் தட்டையான உச்சியில் படர்ந்து மறுபக்கம் வழிகிறது. 'மேசைவிரிப்பு' என்பார்கள். வான் ஹங்க்ஸ் என்ற கிழவனும் சாத்தானும் போட்டி போட்டுப் புகைத்த புகை என்றும் ஒரு கதை உண்டு. கருப்பசாமிக்குச் சுருட்டு படைக்கும் நமக்கு இது புதிதல்ல. யாரையும் ஏய்க்காத கதைகளை நான் மூடநம்பிக்கைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

சரி, தாடிக்கு வருவோம்.

மேகத்துளியின் விட்டம் மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்குதான். அது கீழே விழுவதைவிடக் காற்றோடு படுக்கைவாட்டில் ஓடுவதே அதிகம். எதிரே பெரிய பாறை என்றால் காற்று தொலைவிலேயே வளையத் தொடங்கும். துளியும் நிதானமாக வளைந்து தப்பிவிடும். குறுக்கே நிற்பது ஒரு முடி என்றால்? காற்று மிக அருகில் வந்தபிறகே வெடுக்கென ஒதுங்குகிறது. துளியால் அப்படித் திரும்ப முடியாது. திருப்பத்தில் கம்பியைப் பிடிக்காமல் நிற்கும் பேருந்துப் பயணியைப்போல, நேரே போய் மோதி ஒட்டிக்கொள்கிறது. பொருள் எவ்வளவு மெல்லியதோ, அவ்வளவு நல்ல வலை.

தாவரவியலாளர் ருடால்ஃப் மார்லோத் இதை இதே மலையில் அளந்து பார்த்தார். 1902 டிசம்பரில் இரண்டு மழைமானிகளை வைத்தார். ஒன்று வெறுமனே, மற்றொன்றின் மேல் நாணல் போன்ற தண்டுகளின் கொத்து. எட்டு வாரங்களில் முதலாவதில் சேர்ந்தது சுமார் 5 அங்குலம். நாணல் வைத்ததில் சுமார் 80! மழையே அதிகமில்லாத கோடையிலும் உச்சிச் செடிகள் எப்படிப் பிழைக்கின்றன என்பதற்கு விடை கிடைத்தது. செலவு இரண்டு மானி, ஒரு கட்டு நாணல். இன்று இதற்கு நிதி கேட்டு விண்ணப்பித்தால் 'இதனால் என்ன பயன்?' என்று கேட்டே கோப்பைத் திருப்பியிருப்பார்கள் என்பது என் கணிப்பு.

இறங்கும்போது பாதி வழியிலேயே தாடி காய்ந்துவிட்டது என்றும் வாசகர் எழுதியிருந்தார். நகரத்துப் பக்கம் கீழே இறங்கும் காற்று அழுத்தத்தில் சுருங்கிச் சூடாகிறது. துளிகள் ஆவியாகின்றன. அவர் மேகத்தின் விளிம்பைத் தாண்டிவிட்டார். அவர் தலைக்கு மேலே மேகம் இன்னமும் வழிந்துகொண்டுதான் இருந்திருக்கும்.