டன்னேஜ்: டன் இல்லாத ஒரு டன்

கப்பல் ஏஜென்சி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். தம்பு செட்டித் தெருவில் மாடி அலுவலகம். ஃபேன் காற்றில் தாள் பறக்காமலிருக்க ஆளுக்கொரு கருங்கல் வைத்திருப்போம். எண்ணூருக்கு வரவிருந்த ஒரு நிலக்கரிக் கப்பலுக்கான படிவத்தை நிரப்பச் சொன்னார்கள். ‘ஜிஆர்டி’ என்றிருந்த கட்டத்தில் 75,000 என்று எழுதி நீட்டினேன். பெரிய கிளார்க் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். “இன்னாப்பா இது? ரூம்பு எம்மாம் பெருசுன்னு கேட்டா, உள்ள எத்தினி மூட்டை அடுக்கலாம்னு எழுதிக்கினு வர்ற?”

நான் எழுதியது கப்பல் தாங்கும் எடை. அவர்கள் கேட்டது கப்பலின் உள்ளளவு, அதாவது கிராஸ் ரெஜிஸ்டர் டன்னேஜ். அதன் சுருக்கம்தான் ஜிஆர்டி. அந்தக் கப்பலுக்கு அது சுமார் 40,000தான். துறைமுகக் கட்டணத்தை இந்த எண்ணை வைத்துத்தான் போடுவார்கள் என்பதால், படிவம் அப்படியே போயிருந்தால் கட்டணம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகியிருக்கும். ராயபுரம் திரும்பி வீட்டில் இதைச் சொன்னபோது அம்மாவுக்குக் கடைசிவரை புரியவில்லை. ஜிஆர்டி என்றால் அவருக்கு தி.நகர் நகைக்கடை.

அன்று நான் செய்த தப்பை இன்று தமிழ்ச் செய்திகள் தினமும் செய்கின்றன. நாட்டின் வணிகக் கப்பல் தொழிலை மறுபடி நிமிர்த்துவது பற்றி இப்போது நிறையப் பேச்சு. 1958ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டத்துக்குப் பதிலாக 2025இல் புதுச் சட்டம் வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் கப்பல் கட்டும் தொழிலுக்கும் கடல்சார் துறைக்கும் 69,725 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. இவை எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வரும் சொல் டன்னேஜ். தமிழில் அதை ஒருவர் ‘சரக்கு எடை’ என்கிறார், இன்னொருவர் ‘டன் அளவு’ என்கிறார். ‘இந்தியக் கப்பல்களின் எடையை உயர்த்த வேண்டும்’ என்றுகூட ஒரு தலைப்பு பார்த்தேன். எடையை உயர்த்த ஊட்டச்சத்தா கொடுப்பார்கள்?

சொல்லின் வேர் ஒரு பீப்பாய். ஆங்கிலத்தில் ‘டன்’ என்பது முதலில் ஒயின் நிரப்பும் பெரிய மரப் பீப்பாய்க்குப் பெயர். ஒரு பீப்பாயில் 252 பழைய கேலன், ஏறக்குறைய 950 லிட்டர் பிடிக்கும். பிரான்சின் போர்தோ துறைமுகத்திலிருந்து இங்கிலாந்துக்குப் போன கப்பல்கள் பெரும்பாலும் ஒயின் ஏற்றியவை. ஆகவே கப்பல் எவ்வளவு பெரியது என்று கேட்டால், ‘நூறு பீப்பாய் பிடிக்கும்’ என்பதே பதில். 14ஆம் நூற்றாண்டிலிருந்து ஆங்கிலேய அரசர்கள் இறக்குமதியாகும் ஒயினுக்குப் பீப்பாய்க்கு இவ்வளவு என்று வரி வாங்கினார்கள். டன்னேஜ் என்பது அந்த வரிக்கும் பெயர். ரொம்பிய பீப்பாயின் எடையை ஒட்டித்தான் 2,240 பவுண்டு கொண்ட டன் என்ற எடையும் பிறந்தது. பீப்பாய் ஒன்று, பிள்ளைகள் இரண்டு: ஒரு பிள்ளை எடை, இன்னொரு பிள்ளை கொள்ளளவு. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்ததால் வந்த குழப்பம் இன்னும் தீரவில்லை.

இப்படி அளப்பது நமக்கும் பழக்கம்தான். காசிமேட்டில் ஒரு விசைப்படகுக்காரரிடம், “போட்டு எவ்ளோ பெருசுண்ணே?” என்று கேட்டுப் பாருங்கள். நீளத்தை அடியில் சொல்லிவிட்டு, கையோடு, “முந்நூறு கட்டி ஐஸ் புடிக்கும்” என்பார். அந்த ஒரு வார்த்தையில் மீன் அறையின் அளவு, எத்தனை நாள் கடலில் தங்கலாம், எவ்வளவு மீனோடு திரும்பலாம் எல்லாம் அடங்கிவிடும். போர்தோக்காரனுக்குப் பீப்பாய், காசிமேட்டுக்காரருக்கு ஐஸ் கட்டி. கன்டெய்னர் கப்பலையும் இப்போது எத்தனை இருபதடிப் பெட்டி பிடிக்கும் என்றுதானே அளக்கிறார்கள்? 24,000 பெட்டிக் கப்பல்கள் ஓடுகின்றன. சுற்றிச் சுற்றி அதே பீப்பாய்க் கணக்கு.

வரி போட ஆரம்பித்ததும் அளவில் தில்லுமுல்லும் ஆரம்பித்தது. இங்கிலாந்தில் 1773இல் சட்டமான பழைய சூத்திரம் கப்பலின் நீளத்தையும் அகலத்தையும் மட்டும் அளந்தது. ஆழத்தை யாரும் அளக்கவில்லை, அகலத்தில் பாதி என்று எடுத்துக்கொண்டார்கள். கட்டுகிறவர்கள் சும்மா இருப்பார்களா? அகலத்தைக் குறைத்து ஆழத்தைக் கூட்டினார்கள். தாளில் சின்னக் கப்பல், உள்ளே பெரிய கிடங்கு. வரி மிச்சம், ஆனால் காற்றடித்தால் கப்பல் சாயும். 1854இல் மூர்சம் என்பவரின் முறை வந்த பிறகு உள்ளறையை முழுதாக அளந்து, 100 கன அடிக்கு ஒரு ‘பதிவு டன்’ என்று வைத்தார்கள். 100 கன அடி எவ்வளவு? நாலடி நீளம், மூன்றரை அடி அகலம், ஏழடி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், 98 கன அடி. ராயபுரம் ஒண்டுக்குடித்தனத்தில் ஒரு குளியலறை. நான் படிவத்தில் எழுதியிருக்க வேண்டியது, கப்பலுக்குள் இப்படி எத்தனை குளியலறை அடங்கும் என்ற எண்ணைத்தான்.

அதுவும் இப்போது மாறிவிட்டது. 1969இல் செய்துகொண்ட உலக ஒப்பந்தம் 1982இல் நடப்புக்கு வந்தது. கப்பலின் மூடிய இடங்கள் அத்தனையின் அளவைக் கன மீட்டரில் எடுத்து, ஒரு கெழுவால் பெருக்கி வரும் எண்ணே இன்றைய ‘ஜிடி’, அதாவது கிராஸ் டன்னேஜ். அதற்கு அலகே கிடையாது. 40,000 ஜிடி என்று சொல்லலாம், 40,000 டன் என்று சொல்லக் கூடாது. சொல்லில் டன் இருக்கிறது, கணக்கில் இல்லை. துறைமுகத்துக்காரர்கள் வாயில் மட்டும் பழைய ஜிஆர்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

சரி, ஒரே கப்பலை எத்தனை விதமாகச் சொல்கிறார்கள்? எண்ணூரில் நிலக்கரி இறக்கும் ஒரு பனாமாக்ஸ் கப்பலை, அதாவது பழைய பனாமா கால்வாய்க்குள் நுழையும் அளவில் கட்டியதை, எடுத்துக்கொள்வோம். சரக்கு, எரிபொருள், தண்ணீர் எல்லாம் சேர்த்து அது தாங்குவது சுமார் 75,000 டன். இது உண்மையான எடை. மூடிய இடங்கள் அத்தனையும் சேர்ந்த அளவு சுமார் 40,000. இன்ஜின் அறை, ஆட்கள் தங்கும் அறை போன்றவற்றை விட்டுச் சம்பாதிக்கும் இடத்தை மட்டும் பார்த்தால் சுமார் 25,000, இது நிகர அளவு, சுருக்கமாக என்டி. இவை தவிர, கப்பல் விலக்கும் தண்ணீரின் எடை என்று ஒன்று உண்டு. போர்க்கப்பலுக்கு அதைத்தான் சொல்வார்கள்.

இதில் எது நாட்டின் கப்பல் பலத்தைக் காட்டும்? எண்ணிக்கையை நம்ப முடியாது. இந்தியாவில் பதிவாகி இந்தியக் கொடி கட்டிய கப்பல்கள் ஆயிரத்து ஐந்நூறை ஒட்டி இருக்கின்றன. கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு கரையோரத்தில் ஓடுபவை, இழுவைப் படகு முதற்கொண்டு எல்லாம் அதில் சேர்த்தி. அளவில் பெரும்பங்கு, வெளிநாட்டுக்குப் போகும் சில நூறு கப்பல்களிடம் இருக்கிறது. அதனால்தான் டன்னேஜ் கணக்கு. 1947இல் இரண்டு லட்சத்துக்கும் குறைவாக இருந்தது இன்று 130 லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஆனாலும் உலக மொத்தத்தில் அது ஒரு சதவீதத்தை ஒட்டித்தான். நம் நாட்டு ஏற்றுமதி இறக்குமதிச் சரக்கில் 1980களின் கடைசியில் 40 சதவீதம் அளவுக்கு இந்தியக் கப்பல்கள் சுமந்தன. இப்போது பத்துக்கும் கீழே. மிச்சத்துக்கான கப்பல் வாடகை டாலராக வெளியே போகிறது.

வாடகைக் கப்பல் எத்தனை பிடித்தாலும் இந்தக் கணக்கில் ஏறாது, கொடி வேண்டும். இதை வடசென்னைக்காரர்களுக்கு விளக்க அதிகம் மெனக்கெட வேண்டாம். தமிழக அரசு 1974இல் தொடங்கிய பூம்புகார் கப்பல் கழகம் மின்வாரியத்துக்கு நிலக்கரி சுமந்தது. தமிழ் அண்ணா, தமிழ் பெரியார், தமிழ் காமராஜ் என்று சொந்தக் கப்பல்களும் அதற்கு இருந்தன. அவை போய்விட்டன, இன்று நிலக்கரி வருவது வாடகைக் கப்பலில். அனல்மின் நிலையம் அதே நிலையம், கரி அதே கரி. நாட்டின் டன்னேஜில் மட்டும் அந்தப் பெயர்கள் இல்லை.

இந்தச் சொல் பழையபடி வரிக்குத் திரும்பியதும் ஒரு வேடிக்கை. இந்தியாவில் 2004இல் டன்னேஜ் வரி வந்தது. கப்பல் கம்பெனி லாபத்துக்கு வரி கட்டுவதற்குப் பதிலாக, கப்பலின் நிகர அளவுக்கு வரி கட்டலாம். 25,000 நிகர அளவுள்ள நம் நிலக்கரிக் கப்பலுக்கு, 2012இல் திருத்திய கணக்குப்படி, ஒரு நாள் வருமானம் 11,770 ரூபாய் என்று வைத்துக்கொள்வார்கள். ஆண்டுக்குச் சுமார் 43 லட்சம். அந்த 43 லட்சத்துக்குத்தான் வரி. சரக்குக் கட்டணம் உச்சத்தில் இருந்து கம்பெனி பல கோடி பார்த்தாலும் இதேதான், கப்பல் சும்மா நின்று நஷ்டப்பட்டாலும் இதேதான். சலுகை என்றால் பதிலுக்கு ஒன்று கேட்பார்கள் அல்லவா? கணக்குப் புத்தகம் காட்டும் லாபத்தில் குறைந்தது 20 சதவீதத்தை எடுத்துவைத்து எட்டு ஆண்டுக்குள் கப்பல் வாங்க வேண்டும், மாலுமிப் பயிற்சியும் கொடுக்க வேண்டும். என் அபிப்பிராயம், தொழிலை நிமிர்த்த எடுத்த ஏற்பாடுகளில் உருப்படியானது இது. இதன் பெயரை ‘எடை வரி’ என்று தமிழில் எழுதினால் மொத்த ஏற்பாடும் தலைகீழாகப் புரியும்.

அப்போ நல்ல தமிழ்ச் சொல் எது? தேடி அலைய வேண்டியதில்லை, கையிலேயே இருக்கிறது: கலம். சமையல் பாத்திரம் கலம். ‘யவனர் தந்த வினைமாண் நன்கலம்’ என்று அகநானூறு சொல்லும் கலம், பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய கப்பல். கோயில் கல்வெட்டுகளில் வரும் ‘நூறு கலம் நெல்’ முகத்தல் அளவு, பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். பாத்திரம், கப்பல், கொள்ளளவு மூன்றுக்கும் ஒரே சொல். ஆங்கிலத்தான் பீப்பாயிலிருந்து சுற்றி வந்த அதே வழி. ஒரு வித்தியாசம், நம் கலம் எடையாக மாறிக் குழப்பவில்லை.

‘கொள்கலன்’ என்று வைத்திருக்கலாம்தான். ஆனால் அதைக் கன்டெய்னருக்குக் கொடுத்துவிட்டோம், திருவொற்றியூர் சாலையில் டிரெய்லர் வரிசையாக நிற்பது அதுதான். ‘கலக்கொள்ளளவு’ பொருளில் சரி, வாயில் நிற்கவில்லை. மரமும் அடியும் சேர்ந்து மரவடி ஆவதுபோல, கலம், அளவு இரண்டையும் சேர்த்தால் கலவளவு. நான் எழுதுவது இதைத்தான்: ஜிடிக்கு மொத்தக் கலவளவு, என்டிக்கு நிகரக் கலவளவு, டன்னேஜ் வரிக்குக் கலவளவு வரி. 75,000 டன் என்ற எடைக் கணக்குக்குத் தாங்கெடை. போர்க்கப்பலின் எடைக்கு நீர்விலக்க எடை.

போன மாதம் பழைய அலுவலகத்துப் பக்கம் போனபோது பெரிய கிளார்க்கைப் பார்த்தேன். ஓய்வு பெற்றும் டீ குடிக்க அங்கேதான் வருகிறார். அன்றைக்கு வாங்கிய திட்டுக்குப் பதிலாகக் ‘கலவளவு வரி’ என்ற சொல்லைச் சொல்லிக் காட்டினேன். டம்ளரை வைத்துவிட்டு ஒருமுறை சொல்லிப் பார்த்தார், அப்புறம் தலையாட்டினார். “நல்லாத்தான் இருக்குது. ஆனா போன்ல சொல்லாத. கலவர வரின்னு காதுல வுழும், ஹார்பர் ஜீரோ கேட்ட மூடிருவானுங்கோ.”