‘தவறிவிட்டார்’ என்றால் எங்கே?

கொங்குப் பக்கத்தில் ஒரு கலெக்டர் ஆபீஸுக்கு எதிரே மேசை போட்டு மனு எழுதுவது என் பிழைப்பு. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளென்றால் விடிந்ததும் ஆட்கள் வந்துவிடுவார்கள். வருகிறவர்கள் எல்லாருமே அணி இலக்கணத்தில் கெட்டிக்காரர்கள். அது அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் இரண்டு மார்க்குக்குப் படித்த ஆகுபெயரும் உவமையும் மனுத் தாளில் ஏறினால் என்ன பாடு படுத்தும் என்பது எனக்கும் அடிபட்டுத்தான் தெரிந்தது.

முதல் அடி, ஒரு விதவை உதவித்தொகை மனு. “திருப்பூருக்கு வேலைக்குப் போன எடத்துல தவறிட்டாருங்க” என்றார் அந்த அம்மா. நானும் “வேலைக்குச் சென்ற இடத்தில் தவறிவிட்டார்” என்று எழுதிக் கொடுத்தேன். காணாமல் போனதற்கான போலீஸ் புகார் நகலை இணைக்கச் சொல்லி மனு திரும்பி வந்தது. சாவைச் சாவென்று சொல்ல வாய் வராமல் வேறு சொல்லால் சொல்வதை நன்னூல் ‘மங்கலம்’ என்கிறது. அதை எழுதிய பவணந்தி முனிவருக்கு ஊர் பெருந்துறைக்குப் பக்கத்துச் சீனாபுரம் என்பார்கள். நம்ம சனங்களின் வாயைக் கேட்டுத்தான் எழுதியிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். இப்போதெல்லாம் தாளில் “இறந்தார்” என்று தேதியோடு எழுதிவிடுகிறேன். படித்துக் காட்டும்போது மட்டும் “தவறினார்” என்று வாசிக்கிறேன்.

நாலு பேர் முன்னால் சொல்லக் கூசுவதை மறைத்துச் சொல்லும் இடக்கரடக்கலும் இதே ரகம்தான். “ஒதுங்க இடமில்லாமல் பெண்கள் தவிக்கிறோம்” என்று ஒரு மனு எழுதினேன். அவர்கள் கேட்டது கழிப்பறை. மனு போய்ச் சேர்ந்தது வீட்டுமனைப் பட்டா பார்க்கும் மேசைக்கு. ஆகுபெயரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: “ஊரே சொல்லுது” என்றால் ஊர் என்பது சனத்துக்கு ஆகி வந்தது, சரி, எத்தனை பேர் கையெழுத்து என்று உடனே கேட்பார்கள்.

எல்லாவற்றிலும் பொல்லாதது, உள்ளதைக் கூட்டிச் சொல்லும் உயர்வு நவிற்சி. போன கோடையில் ஒரு பாட்டி நாலைந்து பெண்களோடு வந்தார். “ஆத்துத்தண்ணிய கண்ணுலயே காட்டறதில்லீங்க சாமி.” அவர்கள் ஏற்கெனவே வேறொருவரிடம் எழுதி வாங்கிக் கொடுத்திருந்த மனுவிலும் அதே வரி: “குடிநீர் அறவே வழங்கப்படுவதில்லை.” வந்த பதில், “15 நாட்களுக்கு ஒருமுறை வழங்கப்படுகிறது, புகார் உண்மையல்ல.” அதோடு கோப்பை மூடிவிட்டார்கள். 15 நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் விடுவதே பெரிய குறை. அதை ‘அறவே இல்லை’ என்று கூட்டிச் சொன்னதால், நியாயமான குறை பொய்ப் புகாராகிவிட்டது. பேச்சில் கேட்பவருக்குக் கூட்டிச் சொல்கிறார் என்று புரியும். முகத்தைப் பார்த்தாலே போதும். தாளுக்கு முகம் ஏது?

அதனால் உட்கார வைத்துக் கேட்டேன். கடைசியாக எப்போது வந்தது, எவ்வளவு நேரம் விட்டார்கள், எத்தனை குழாய், எத்தனை வீடு. 60 வீட்டுக்கு 2 குழாய், 40 நிமிடம் என்று வந்தது. அதைத்தான் எழுதினேன்.

இதற்காக உவமையே ஆகாது என்று சொல்லவில்லை. “கிணத்துத்தண்ணி ரத்தமாட்டம் இருக்குதுங்க” என்று சாயத்தண்ணீர் பற்றி ஒருவர் சொன்னதை மாற்றாமல் வைத்தேன். வினை, பயன், மெய், உரு என்று தொல்காப்பியம் உவமையை நான்காகப் பிரிக்கிறது. உரு என்பது நிறம். கண்ணால் பார்த்த நிறத்தைச் சொல்லும் உவமை சாட்சி சொல்வது போல, கூடவே ஒரு பாட்டில் தண்ணீரும் வைத்துவிட்டால் போதும். “ஆபீசர்கள் கல் நெஞ்சக்காரர்கள்” என்றால் அது எதையும் காட்டுவதில்லை, படிக்கிறவரைக் கடுப்பேற்றும்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. ‘காடு’ என்று எழுதினால் வெளி மாவட்டத்திலிருந்து மாறி வந்தவர்கள் வனத்துறை விவகாரமா என்கிறார்கள். நமக்கு மழையை நம்பிய மேட்டுநிலம்தான் காடு, கிணறு இருந்தால் தோட்டம். இது அணி அல்ல, வட்டார வழக்கு. ஆனாலும் சர்வே நம்பரோடு ‘புன்செய்’ என்று போட்டுவிடுவது நல்லது.

தண்ணீர் மனுவைப் படித்துக் காட்டியபோது பாட்டிக்குத் திருப்தியே இல்லை. “எல்லாம் கணக்கா இருக்குது கண்ணு. எங்க வெசனம் இதுல எங்கிருக்குது?” என்றார். நியாயம்தான். “குழாயடியில என்ன நடக்கும், சொல்லுங்க ஆத்தா” என்றேன். “ராத்திரியே கொடத்தக் கொண்டு போய் வெச்சுருவோம். எங்களுக்குப் பதிலா அதுதான் விடிய விடிய நிக்கும்.”

அந்த வரியை மட்டும் அவர் சொன்னபடியே கடைசியில் சேர்த்தேன்.