மெஷின்ல அப்படித்தான் மேடம் வந்துச்சு

போன புதன்கிழமை, உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவரை அவர் மகனும் மருமகனுமாகக் காரில் ஏற்றிக்கொண்டு மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியின் எமர்ஜென்சிக்கு ஓடியிருக்கிறார்கள். காரணம் ஒரு லேப் ரிப்போர்ட். பொட்டாசியம் 11.8, கால்சியம் 3.1.

அந்த ரிப்போர்ட் எங்கள் லேபிலிருந்து போனது. அதை மறைத்துவிட்டு ஊருக்கு உபதேசம் எழுத எனக்கு மனம் வரவில்லை.

என் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்ததுமே கதை புரிந்திருக்கும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பொட்டாசியம் 3.5-லிருந்து 5 வரை இருக்க வேண்டும். 7-ஐத் தாண்டினாலே இதயத் துடிப்பு எந்நேரமும் தடுமாறலாம். 11.8 இருக்கிற மனிதர் சட்டைக் கையை மடித்துவிட்டு, ரத்தம் எடுக்க வந்த பையனிடம் இந்த வருஷம் மழை எப்படி என்று பேசிக்கொண்டிருக்க மாட்டார். பெரியவருக்கு ஒன்றுமில்லை. ஈசிஜி சரியாக இருந்தது. மறுபடி எடுத்த ரத்தத்தில் பொட்டாசியம் 4.3.

நடந்தது இதுதான். சிவப்பு மூடிக் குழாயில் ரத்தம் கொஞ்சமாக விழுந்திருக்கிறது, ஊதா மூடிக் குழாயில் தாராளமாக இருந்திருக்கிறது. ரத்தம் எடுத்த பையன் அதிலிருந்து இதில் கொஞ்சம் ஊற்றிச் சரிக்கட்டிவிட்டான். ஊதா மூடிக்குள் ஈடிடிஏ இருக்கிறது. அது பொட்டாசியம் உப்பு, ரத்தம் உறையாமல் இருப்பதற்காகக் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வது. அதனால் ஒன்று ஏறும், மற்றது இறங்கும். ஆல்கலைன் பாஸ்படேஸ் என்கிற நொதியின் அளவும் கூடவே விழும். அன்றைக்கு அதுவும் விழுந்துதான் கிடந்தது. மூன்று எண்கள் ஒரே நேரத்தில் கையைத் தட்டிக் கூப்பிட்டிருக்கின்றன, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்படிப்பட்ட எண் வந்தால் எனக்குப் போன் செய்ய வேண்டும் என்பது எங்கள் லேபில் விதி. நான் மேலூரில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன். போன் வரவில்லை. மத்தியானம் வந்து, ரிப்போர்ட்டை அச்செடுத்துக் கொடுத்த பெண்ணைக் கூப்பிட்டேன்.

"மெஷின்ல அப்படித்தான் மேடம் வந்துச்சு."

"உனக்கு ஒண்ணுமே தோணலையா?"

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். "தோணுச்சு மேடம்."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"முன்ன இருந்த எடத்துல கேட்டா, நீ என்ன டாக்டரானு கேப்பாங்க மேடம்."

ரத்தத்தை ஊற்றிய பையன் மேல் எனக்குக் கோபமில்லை, அவனுக்குச் சொல்லிக்கொடுக்காதது எங்கள் குற்றம். இந்தப் பதில்தான் வயிற்றைக் கலக்குகிறது. இருபது வருஷத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருக்கிறேன். வெவ்வேறு வாயிலிருந்து இதே பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் பூ வாங்கிக் கட்டி விற்கிற தொழில். இவள் பள்ளிக்கூட நாளிலிருந்து தினமும் காலையில் மல்லிகை கிலோ என்ன விலை என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கிறாள். யாரும் எழுதச் சொல்லவில்லை, அவளுக்கு அது பிடிக்கும். மார்கழியில் பனி விழுந்து வரத்துக் குறைந்தால் விலை எங்கே போகும், முகூர்த்த நாளுக்கு எத்தனை நாள் முன்னால் ஏற ஆரம்பிக்கும், அதற்கு மறுநாள் எப்படிப் பொத்தென்று விழும் என்று டீ இடைவேளையில் அவள் சொல்லும்போது கணக்கு வாத்தியார் தோற்றுப்போவார். காரணமில்லாமல் விலை ஏறினால் அம்மாவைத் தூங்கவிடமாட்டாள்: ஏன், யார் வாங்கினது, எந்த ஊர் லோடு வரல?

மல்லிகை ஏறினால் ஏன் என்று கேட்கிற அதே பெண், பொட்டாசியம் ஏறியபோது கேட்கவில்லை. வெள்ளைக் கோட்டை மாட்டுகிற இடத்தில் அந்தப் புத்தியைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்திருக்கிறாள். யார் அப்படிப் பழக்கியது? நாம்தான்.

நம் ஊரில் ஒரு தப்பெண்ணம் இருக்கிறது. கேள்வி கேட்பது மரியாதைக் குறைவாம். வீட்டில் "பெரியவங்க பேசும்போது குறுக்க பேசாத" என்று ஆரம்பிக்கிறது. பள்ளிக்கூடத்தில் "சிலபஸ்ல இல்லாததைக் கேக்காத" என்று வளர்கிறது. வேலைக்கு வந்ததும் "சொன்னதைச் செய், வியாக்கியானம் பண்ணாத" என்று முற்றிவிடுகிறது. சீனியர்கள் என்னிடம் வந்து, "இந்தப் பொண்ணு ரொம்ப ஏன் ஏன்னு கேக்குது மேடம், வேலை ஓடாது" என்று புகார் சொல்வார்கள். நான் திரும்பக் கேட்பேன்: எந்த ஏன்?

ஏனென்றால் ஏன்களில் இரண்டு சாதி. "நான் ஏன் ஞாயித்துக்கிழமை வரணும்?" என்பது ஒன்று. அது நியாயமாகவும் இருக்கலாம், சோம்பேறித்தனமாகவும் இருக்கலாம், அதைச் சம்பள நாளன்று பேசிக்கொள்ளலாம். "இந்த எண் ஏன் இப்படி வந்திருக்கு?" என்பது இன்னொன்று. இதில் கேட்கிற ஆளும் இல்லை, கேட்கப்படுகிற ஆளும் இல்லை, மேசைமேல் இருக்கிற ரத்தக் குழாய் மட்டும்தான் இருக்கிறது. ஆனால் சீனியரின் காதில் 'ஏன்' என்ற சத்தம் மட்டும்தான் விழுகிறது. தன் அனுபவத்தைக் கேட்டுவிட்டாள், தன் வயதைக் கேட்டுவிட்டாள் என்று முகம் சிவக்கிறது. அய்யா, உங்களை யாரும் கேட்கவில்லை. பொட்டாசியத்தைக் கேட்கிறாள்.

சத்தியமாகச் சொல்கிறேன், கேட்பதால் வேலை தாமதமானதை நான் பார்த்ததில்லை. கேட்காததால் ஒரு குடும்பம் கார் பிடித்து ஓடியதைப் பார்த்துவிட்டேன்.

எதிர்ப்பக்கக் கதையும் ஒன்று சொல்ல வேண்டும். எங்களிடம் ஒரு பையன் இருக்கிறான், போன் கேமரா பைத்தியம். வீட்டில் அதற்காகத் திட்டு வாங்குகிறவன். அட்டையை வெட்டி ஒரு வளையம் செய்து, போனை மைக்ராஸ்கோப் கண்ணில் பொருத்தி அணுக்களைப் படம் எடுப்பான். முதலில் நானும்தான் கத்தினேன்.

காய்ச்சல் சீசனில் ஒரு நாள். மேலூரிலிருந்து வந்த ஒரு அம்மாவுக்கு, ரத்தம் உறைய உதவுகிற தட்டணுக்கள், அதாவது பிளேட்லெட், 22,000. குறைந்தது ஒன்றரை லட்சமாவது இருக்க வேண்டும். அவர் கணவர் அதற்குள் பிளேட்லெட் கொடுக்க ஆள் கேட்டு வாட்ஸ்அப்பில் செய்தி போட்டுவிட்டார். இவ்வளவு குறைந்தால் கண்ணாடித் தகட்டில் பார்த்தே ஆக வேண்டும் என்பது பாடம். அறுபது சாம்பிள் குவிந்து கிடக்கும் சாயங்காலத்தில் அந்தப் பாடத்துக்கு என்ன மரியாதை கிடைக்கும் என்று எல்லா லேபுக்கும் தெரியும். ஒரு பார்வை, ஒரு டிக், அவ்வளவுதான். இவன் பார்த்தது கடமைக்காக அல்ல. தட்டணு இல்லாத வெற்று இடத்தைப் படம் எடுக்க ஆசைப்பட்டிருக்கிறான். நல்ல ஃப்ரேம் தேடித் தகட்டின் விளிம்பு வரைக்கும் போயிருக்கிறான். அங்கே கொத்துக் கொத்தாகத் தட்டணுக்கள், திராட்சைக் குலை மாதிரி.

சிலருடைய ரத்தம் ஈடிடிஏ பட்டதும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உடம்புக்குள் அல்ல, குழாய்க்குள் மட்டும். கொத்தை மெஷின் தட்டணுவாக எண்ணாது. நீல மூடிக் குழாயில், ரத்தம் உறையாமல் தடுக்கிற இன்னொரு திரவமான சிட்ரேட்டில், மறுபடி எடுத்தோம். 1,76,000 வந்தது. சிட்ரேட் திரவத்தால் நீர்த்துப்போனதற்குப் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் ஒரு லட்சத்துத் தொண்ணூற்று மூவாயிரத்துச் சொச்சம். காய்ச்சல் மட்டும்தான், அந்த அம்மா அன்று இரவு வீட்டுச் சோறு சாப்பிட்டார்.

அவனுக்கு அதிக அறிவு என்று நான் சொல்லவரவில்லை. எழுத்துத் தேர்வில் அவன் சுமார்தான். அவனுக்குப் பிடித்த ஒன்றை அவன் வாசலில் கழற்றிவைக்காமல் கொண்டுவந்திருந்தான். கண் அங்கே இருந்ததால் கேள்வியும் அங்கே வந்தது.

இதைச் சொன்னால் சிலர், அப்படியென்றால் வேலையை விட்டுவிட்டுப் பிடித்ததைச் செய்ய வேண்டும் என்று கிளம்புகிறார்கள். ரீல்ஸ் பார்த்துக் கெட்டுப்போன புத்தி. வீட்டு வாடகையை யார் கட்டுவது? இருக்கிற வேலையிலேயே உன் பைத்தியத்துக்கு ஒரு ஓரம் இருக்கிறதா என்று முதலில் பார்.

மதுரைக்காரர்களுக்கு இதற்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை. டாக்டர் ஜி. வெங்கடசாமிக்கு இளம் வயதிலேயே முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களைப் பழக்கிக் கண் அறுவைக்கு வந்தார். அரசு வேலையில் 58 வயதில் ஓய்வு பெற்று 1976-ல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் கடையைப் பார்த்துவிட்டு, எல்லா ஊரிலும் ஒரே தரத்தில் இதை விற்க முடியுமென்றால் கண் சிகிச்சையை ஏன் அப்படிக் கொடுக்க முடியாது என்று கேட்டவர். எனக்கு அதைவிடப் பிடித்தது லென்ஸ் கதை. ஒரு காலத்தில் புரை எடுத்தவர்களுக்கு சோடாபுட்டிக் கண்ணாடிதான் கதி. உள்ளே வைக்கிற லென்ஸ் வெளிநாட்டிலிருந்து, ஏழைக்கு எட்டாத விலையில் வந்தது. ஏன் இந்த விலை, இதை இங்கேயே செய்தால் என்ன என்று அந்த மருத்துவமனைக்காரர்கள் கேட்டார்கள். 1992-ல் இதே மதுரையில் ஆரோலேப் வந்தது. இப்போது நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்கு லென்ஸ் போகிறது. அவர் மகான், நாமெல்லாம் சாதாரணம் என்று கும்பிட்டு நகர்ந்துவிடாதீர்கள். விலைச் சீட்டைப் பார்த்து ஏன் என்று கேட்பதற்கு மகானாக இருக்க வேண்டியதில்லை.

வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளே, கேளுங்கள். ஆனால் கையை வீசிக்கொண்டு வந்து "என்னமோ மாதிரி இருக்கு மேடம்" என்று கேட்டால் எனக்கும் எரிச்சல்தான் வரும். குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு வா. பெயர் சரியா, சீரம் (ரத்தம் உறைந்தபின் மேலே தெளிகிற நீர்) சிவந்திருக்கிறதா, பழைய ரிப்போர்ட் என்ன சொல்கிறது, ஹீமோகுளோபினை மூன்றால் பெருக்கினால் ஹெமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) பக்கத்தில் வருகிறதா என்று பார்த்துவிட்டு வா. பாதிக் கேள்விகள் என் அறைக்கு வருவதற்குள் உனக்கே தீர்ந்துவிடும். தீராததைத்தான் நானும் கேட்க ஆசைப்படுகிறேன். நான் கல்யாணத்தில் இருந்தாலும் போன் அடி. பந்தியில் உட்கார்ந்திருந்தாலும் எடுப்பேன்.

சீனியர்களே, "நீ என்ன டாக்டரா" என்பதை இன்றோடு விடுங்கள். தெரியாவிட்டால் "தெரியலை, வா பார்ப்போம்" என்று சொல்லுங்கள். நாக்கு தேய்ந்துவிடாது.

ரத்தம் கொடுக்க வருகிறவர்களிடமும் ஒரு கெஞ்சல். நீங்களும் கேளுங்கள். ஒரு குழாயிலிருந்து இன்னொன்றில் ஊற்றினால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். டிரிப் ஏறுகிற கையில் எடுக்க விடாதீர்கள். முஷ்டியை மூடி மூடித் திறக்காதீர்கள், அதிலும் பொட்டாசியம் ஏறும். சர்க்கரைக்குச் சாம்பல் மூடிக் குழாய்தானா என்று பாருங்கள். சாதாரணக் குழாயில் ரத்த அணுக்கள் மணிக்கு ஐந்து முதல் ஏழு சதவீதம் வரை சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். உச்சி வெயிலில் பைக்கில் மூன்று மணி நேரம் சுற்றிவிட்டு வருகிற குழாயில் உங்கள் சர்க்கரை 'கட்டுப்பாட்டில்' இருப்பது போலத் தெரிவது அப்படித்தான். ரிப்போர்ட் பயமுறுத்தினால் ஆஸ்பத்திரிக்குப் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. போங்கள், போகிற வழியில் லேபுக்கு ஒரு போன் போட்டு, மறுபடி பார்த்தீர்களா என்று கேளுங்கள்.

அந்தப் பெண்ணை வேலையைவிட்டு அனுப்பச் சொன்னார்கள். அனுப்பவில்லை. பூ விலை எழுதுகிற மாதிரி ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்து, தினமும் கண்ட்ரோல் எண்களை எழுது, விநோதமாக எது பட்டாலும் பக்கத்தில் கேள்வி போடு என்றேன். கண்ட்ரோல் என்பது மெஷின் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஓட்டுகிற, அளவு முன்பே தெரிந்த சாம்பிள். முதல் மூன்று நாள் எண்கள் மட்டும் இருந்தன. நேற்று முதல் கேள்வி வந்திருக்கிறது: "மத்தியானம் ஓட்டுற சோடியம் கண்ட்ரோல் மட்டும் ஏன் தினமும் காலையைவிட ரெண்டு மூணு கம்மியா இருக்கு?"

நானே இரண்டு முறை ஓட்டிப் பார்த்தேன், அவள் எழுதியது சரி. ஏசிக்கு நேர் கீழே மெஷின் இருக்கிறது. அதுவா, எலக்ட்ரோட் தேய்ந்துவிட்டதா தெரியவில்லை. சர்வீஸ் இன்ஜினியர் வியாழக்கிழமை வருகிறார். அவள்தான் கேட்கப் போகிறாள்.